ஏசுபாதம் செய்யாத தப்பு

ஒரு நல்ல காரியத்தை ஒருவர் பழிவாங்குவதற்காகவே செய்து முடித்தால், அந்தக் காரியத்தின் நன்மையில் ஏதாவது குறையுமா? பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் இடையில் ஞானஜோதி வாழ்ந்த பன்னிரண்டு வருடங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தன. அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு மனிதரை, ஒரே ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு வாக்கியத்தால் அடிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். அதற்குப் போகிற வழியில் பலருக்கு ஓட்டு கிடைத்தது. அவ்வளவுதான்.

1964இல் அவளுக்கு முப்பத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்லாவரத்தில் அப்பாவோடு இருந்தாள். அப்பா ஏசுபாதம் நாற்பது வருடம் பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி இறங்கி அவருடைய கால் விரல் நகங்கள் கரைந்து போயிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுவதும் அவருக்கு மனப்பாடம். போதகர் ஒரு வரியை விட்டுவிட்டால் பின்வரிசையிலிருந்து ஏசுபாதம் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அவர்கள் போன கிறிஸ்தவக் கோயிலில் முன்வரிசை பெஞ்சுகளில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் குடும்பம், பின்வரிசையில் தோல் ஷெட் குடும்பங்கள். அப்படி உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் அதை அழிக்கவும் வழியில்லாமல் இருந்தது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சபைக் கமிட்டித் தேர்தல். அதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு மேஜை போடுவார்கள். செயலாளர் ஜீவரத்தினம் அங்கே வாக்காளர் பட்டியலையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்காருவார். கோட்டையில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எதையும் கோப்பு போலப் பார்ப்பார். யாருடைய பக்தியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வருகிறதோ, அவர்கள் சபையார் முன்னிலையில் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். சொன்னால் ஓட்டு. சொல்லாவிட்டால் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு. அவருக்குச் சந்தேகம் முன்வரிசை மேல் வந்ததே இல்லை.

அந்த வருடம் அவர் முதலில் வாசித்த பெயர்களில் ஒன்று, "ஏ. ஞானஜோதி, பி.ஏ., பி.டி." கேள்வி எதுவும் கிடையாது. பேனாவால் ஒரு டிக். அப்புறம் நாலு பெயர் தள்ளி, "ஏசுபாதம், இப்படி வாப்பா" என்றார்.

ஏசுபாதம் எழுந்து போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சந்தோஷமாகவே நின்றார். தெரிந்த பாடத்தை ஒப்பிக்கக் கூப்பிட்ட மாணவனைப் போல இருந்தது அவர் முகம். ஆரம்பத்திலிருந்து கடைசி ஆமென் வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ஞானஜோதி தன் பெஞ்சிலிருந்து உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

"தப்பு இருக்குப்பா. போய் உக்காரு" என்றார் ஜீவரத்தினம்.

"எங்க ஐயா தப்பு?"

"எங்கன்னு உனக்குத் தெரியலை பாரு, அதுதான்பா தப்பு."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்புகூட இல்லை. ஆபீஸில் மேலதிகாரி சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கிற அளவான சிரிப்பு. சிவப்புப் பென்சில் தாளில் இழுபட்டது. ஞானஜோதி எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏசுபாதம் வீட்டில் இருந்தார். அவள் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஏசுபாதம் தப்பைத் தேட ஆரம்பித்தார். சவரம் செய்துகொள்ளும்போது சொல்வார். சாப்பாட்டுக்கு முன் சொல்வார். பாதியில் நிறுத்தி, "ஜோதி, இந்த இடமா?" என்பார்.

"தப்பே இல்லப்பா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அந்த ஆளு வேணும்னே பண்ணாரு."

"சும்மா இரும்மா. அவுரு படிச்சவரு. காதுல ஏதோ வுழுந்துகீது, அதான் சொல்றாரு. மறுக்கா கேளு."

மறுபடி கேட்பாள். மறுபடி தப்பு இருக்காது. ஏழு மாதம் இப்படிப் போயிற்று. 1965 மார்ச்சில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி இரண்டு நாள் பிரமாணத்தின் நடுவில் ஓர் இடத்திலேயே நின்று நின்று திரும்பிக்கொண்டிருந்தார். அங்கேதான் தப்பு இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு ஒரு மனிதர் சாவதைப் பார்த்தவளுக்கு, அதைச் செய்ய வைத்தவரை மன்னிப்பது எப்படி என்று எந்தப் பிரசங்கமும் கற்றுத் தரவில்லை. அடக்கத்துக்கு ஜீவரத்தினம் மாலையோடு வந்திருந்தார். "நல்ல மனுஷன், பாவம்" என்றார். ஞானஜோதி மாலையை வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த ஆகஸ்டில் ஒருநாள் ஆசிரியர் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமெரிக்காவில் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பர்கள் ஓட்டுக்குப் பதிவு செய்யப் போனால் பரீட்சை வைப்பார்களாம். அரசியல் சாசனத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்களாம். இனி அந்தப் பரீட்சை கூடாது என்றது சட்டம்.

கணக்கு டீச்சர் லோகநாயகி எட்டிப் பார்த்தாள். "என்ன ஜோதி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? அமெரிக்காக்காரன் ஓட்டுப் போட்டா உனக்கென்ன, போடாட்டி உனக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல. எங்க கோயில் செயலாளர் அங்கேயும் இருக்காரு."

அதன்பின் சனிக்கிழமைகளில் மவுண்ட் ரோட்டிலிருந்த அமெரிக்க நூலகத்துக்குப் போனாள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். அந்தப் பரீட்சையில் வாத்தியார்களே தேறவில்லை என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி என்றுகூடக் கேட்டார்களாம். அவள் அதன் கீழே எழுதினாள்: 'கேள்வி முக்கியமில்லை. யார் கேட்கிறார் என்பதே முக்கியம். அவர் தப்பு என்றால் தப்பு.' இந்த வரியைச் சட்டத்தைப் பற்றி எழுதிய எல்லா வரிகளையும்விட அழுத்தி எழுதியிருந்தாள்.

அங்கே மக்கள் அந்தப் பரீட்சைக்கென்று வகுப்பு வைத்துப் படித்தார்களாம்; அதையே அவளும் செய்தாள். ஞாயிறு சாயங்காலம் பம்மலில் தனம் என்பவளுடைய வீட்டு வாசலில் பாய் விரித்துத் தோல் ஷெட் சனங்களுக்குப் பிரமாணம் சொல்லிக் கொடுத்தாள். கூடவே கோயிலின் சரித்திரம், போதகர்கள் பெயர், வேதாகமப் புத்தகங்களின் வரிசை. தனம் தோலில் மயிர் வழிக்கிற வேலைக்குப் போகிறவள். அவள் வாய்க்குப் பம்மலே ஒதுங்கும்.

"இம்மா படிச்சா நானே சாமியாராப் பூடுவேன் டீச்சர். இது ஓட்டுக்கா, மோட்சத்துக்கா?"

"ஓட்டுக்குத்தான்."

"அப்ப சரி. மோட்சம்னா மெதுவாப் படிச்சிக்கலாம்."

1967இல் நாற்பத்தொரு பேர் மேஜை முன்னால் வரிசையாக நின்றார்கள். முதல் பத்துப் பேர் கடகடவென்று சொன்னதும் ஜீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து தனம்.

"பிரமாணம் வேண்டாம். நம்ம சபைக்கு அஸ்திவாரம் போட்ட வருஷம் என்ன?"

"வாசல் கல்லுல கீது. ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினாலு."

"சரி. கோயில் கூரையில எத்தனை ஓடு?"

தனம் அண்ணாந்து பார்த்தாள். "இன்னா சார், நீ ஏறி எண்ணிட்டு வந்தியா?"

இந்தத் தடவை சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. "மரியாதை தெரியாதவங்களுக்கு ஓட்டு எதுக்கு?" என்று கோடு இழுத்தார். நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். ஞானஜோதி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும், யாரிடம் கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதிக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. லோகநாயகியிடம் மறுநாள் சொன்னாள்: "கூரை ஓட்டை எண்ணச் சொல்லிட்டாரு. இனிமே அவரு என் கையில."

அடுத்த வருடம் சபைக்கு மேலே இருந்த பெரியவர்களுக்கு அவள் எழுதிய கடிதம் பதினாறு பக்கம். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு கேள்வி, கூரை ஓடு உட்பட. கடைசியில் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிய பத்திரிகைத் துண்டையும் ஒட்டியிருந்தாள். கறுப்பர்களுக்காக அந்தப் பெரியவர்கள் எல்லோரும் பிரசங்கம் செய்து முடித்திருந்த காலம் அது. அங்கே கூடாதது பம்மலில் கூடும் என்று எப்படி எழுதுவார்கள்? இரண்டு வருடம் இழுத்தார்கள். 1970இல் உத்தரவு வந்தது. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கும் இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. கேள்வி கிடையாது.

அந்தத் தேர்தலில் பம்மலே திரண்டு வந்தது. வேலைக்குப் போகிற புடவையை மாற்றாமல்கூடச் சிலர் வந்தார்கள். ஜீவரத்தினம் தோற்றார். ஞானஜோதி செயலாளர் ஆனாள். மேஜை டிராயரில் சிவப்புப் பென்சில் இருந்தது. பாதி தேய்ந்திருந்தது. அதை அவள் வைத்துக்கொண்டாள்.

ஊரார் அத்தோடு அவள் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை. தோற்ற மனிதர் ஓட்டால் தோற்றார். அப்பா அப்படியா தோற்றார்? புதிய விதிகளை எழுத ஐந்து பேரைப் போட்டபோது, பரீட்சை என்ற சொல்லே விதிப் புத்தகத்தில் இருக்கக் கூடாது என்றார்கள் மற்ற நாலு பேரும். ஞானஜோதி ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து திருவிருந்துக்கு வராதவர்கள், மீண்டும் பட்டியலில் சேர வேண்டுமானால், சபையார் முன் செயலாளரிடம் பிரமாணத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் சில வருடம் ஓட்டுப் போடாதவர்களின் பெயரை எடுத்துவிடுவதாகப் படித்திருந்தாள். சட்டத்தையும் அந்த நூலகத்திலிருந்துதான் எடுத்தாள், இதையும் அங்கிருந்துதான் எடுத்தாள். டீச்சருக்கு எவ்வளவு பக்தி என்று போதகர் நெகிழ்ந்தார். அது பக்தியல்ல, பொறி. ஜீவரத்தினம் கர்வக்காரர். தோற்ற இடத்துக்கு வரமாட்டார். தாம்பரத்தில் வேறொரு கோயிலுக்குப் போவார். மூன்று வருடம் என்ன, ஆறு வருடம் ஆனாலும் ஒருநாள் பதவி ஆசை அவரைத் திருப்பிக் கொண்டு வரும். வந்தால் அந்த மேஜை முன்னால்தான் நிற்க வேண்டும்.

அவள் காத்திருந்தாள். காத்திருந்த காலத்தில் நடந்தது ஒன்றை அவள் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் பதினெட்டு வயதுக்கே ஓட்டு என்று 1971இல் ஆக்கினார்கள். அதைக் காட்டி இங்கேயும் பதினெட்டு ஆக்க வைத்தாள். 1973 தேர்தல் அன்று அந்த இளவட்டங்கள் பம்மலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களும் பாதிப் பேர் வரவில்லை. நூலகத்தில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. 1960இல் நூற்றுக்கு அறுபத்துமூன்று பேர் போட்டிருக்கிறார்கள். இத்தனை பேருக்குப் புதிதாக உரிமை வந்தபின், 1972இல் ஐம்பத்தைந்து. அடி வாங்கி, செத்து, வாங்கின ஓட்டு. பம்மலுக்கு நேராகப் போய்த் தனத்திடம் சண்டை போட்டாள்.

"ஏன் வரல?"

"அன்னிக்கு வுடமாட்டேன்னான், அதனால வந்தோம். இப்ப யாரு தடுக்கறா? எப்ப வேணாலும் வரலாம்னா எப்பனாச்சும் வரலாம்." தனம் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள், "கோச்சிக்காத டீச்சர். அந்த ஆளு இருந்தப்ப ஓட்டுக்கு ஒரு ருசி இருந்திச்சி."

ஞானஜோதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம்.

1976, நெருக்கடி நிலை; நாட்டில் தேர்தலைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசாத காலம். கோயில் தேர்தல் மட்டும் நடந்தது. முன்வரிசைக் குடும்பங்கள் சில போய் ஜீவரத்தினத்தை அழைத்து வந்திருக்கின்றன என்று தெரிந்ததும், அவள் டிராயரைத் திறந்து பென்சிலைச் சீவினாள். பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மூன்று வருட விதியில் அகப்பட்டவர்கள் இருபத்துமூன்று பேர். ஒருவர் ஜீவரத்தினம். மீதி இருபத்திரண்டு பேரும் ஓட்டோடு கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்ட பம்மல்காரர்கள். ஒருவருக்காக வைத்த பொறியில் அவள் யாருக்காக ஓட்டு வாங்கினாளோ அவர்களும் சிக்கியிருந்தார்கள். விதியை நீக்கச் சொல்லிக் கமிட்டியில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அன்று கமிட்டி கூடியது. அவள் பேசவில்லை.

பம்மலுக்கு ஆள் அனுப்பினாள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் மேஜை போடப்பட்டது. இருபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஆறு வருடத்தில் எல்லாவற்றையும் மறந்திருந்தார்கள். ஒருவர் பாதியில் இருமி நிறுத்தினார். ஒருத்தி ஜெபத்தையும் பிரமாணத்தையும் கலந்து சொன்னாள். தனம் மூன்று வரி சொல்லிவிட்டு, "மீதி உனக்கே தெரியும் டீச்சர்" என்றாள். ஞானஜோதி ஒவ்வொருவருக்கும் தலையசைத்து, "சரி" என்று பேனாவால் டிக் போட்டாள். முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஜீவரத்தினம் சார், வாங்க."

அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. கோட்டு போட்டிருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். "என்னையுமாம்மா டெஸ்ட் பண்ணப் போறே? நான் உன் அப்பா காலத்திலேருந்து இந்த சபையில இருக்கேன்."

"ஆமா சார், அவரு காலத்திலேருந்தேதான். சொல்லுங்க."

சொன்னார். நல்ல குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, கடைசி ஆமென் வரை பழுதில்லாமல் சொன்னார். கோயில் முழுவதும் கேட்டது. ஒரு சொல் பிசகவில்லை.

ஞானஜோதி பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"தப்பு இருக்கு சார். போய் உக்காருங்க."

"என்னது? எங்கே தப்பு?"

பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கன்னு உங்களுக்குத் தெரியலை பாருங்க, அதுதான் சார் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. போதகர் எழுந்து, "அம்மா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் வயதானவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அந்த வாக்கியம் எங்கே கேட்டது என்று நினைவு வந்தது. ஜீவரத்தினத்துக்கு வந்ததா என்று அவள் அவர் கண்ணையே பார்த்தாள். வரவில்லை. அவர் அதை மறந்துவிட்டிருந்தார். "இது அநியாயம். மேலே எழுதுவேன்" என்றார். "எழுதுங்க சார். பதினாறு பக்கம் எழுதினா ரெண்டு வருஷம் ஆகும்" என்றாள்.

பெயருக்கு மேல் சிவப்புக் கோடு இழுத்தாள். மெதுவாக, ஸ்கேல் வைத்ததுபோல் நேராக. பென்சில் தாளில் உரசுவது முதல் பெஞ்சு வரை கேட்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு பெஞ்சுகளின் நடுவே நடந்து போனார். வாசல் கல்லண்டை ஒரு நிமிடம் நின்றார். அவருடைய உதடுகள் அசைந்தன. முதல் வரியிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானஜோதி அதைப் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். அவர் தெருவில் இறங்கி மறைந்த பிறகு பட்டியலை அவள் மூடவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். விரலால் வரிவரியாகக் கீழே வந்தாள். 'ஏ. ஞானஜோதி, பி.ஏ., பி.டி.' என்ற இடத்தில், அப்பா நின்ற அன்று கேள்வியில்லாமல் டிக் வாங்கி உட்கார்ந்தே இருந்தவளின் பெயரில், விரல் நின்றது. அதே பென்சிலால், அதே மாதிரி நேராக, அந்தப் பெயருக்கு மேலும் ஒரு கோடு இழுத்தாள்.

தனம் மேஜையில் குனிந்து பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் அந்தப் பெயரின் வடிவம் அவளுக்குத் தெரியும். "இன்னா டீச்சர், உம் பேரு மேலயே கோடு போட்டுக்கினே?"

"மேஜையை எடுத்து உள்ள போடணும். ஒரு பக்கம் பிடி" என்றாள் ஞானஜோதி.

அடுத்த ஞாயிறு தேர்தல் நடந்தது. பம்மலிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் வந்து போட்டார்கள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் சீட்டை மடித்துக் கொடுத்தாள், தான் போடவில்லை. அந்தக் கோயிலில் அதற்குப் பிறகு அவள் ஓட்டுப் போடவே இல்லை. ஏன் என்று லோகநாயகி கேட்டாள், போதகர் கேட்டார், தனம் பல தடவை கேட்டாள்.